பதினாறு குப்பிகள்

திண்டுக்கல்,
9 ஜனவரி 2024

ஏ அன்பு,

உன் வீட்டுக்காரன் என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டான். அதற்காக நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன் என்று நினைத்தீர்களாக்கும். சேவுகம்பட்டிக்குத் தபால்காரர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

பூ வண்டி ஓட்டுகிற கருப்பணன் நேற்றுக் காலையில் மார்க்கெட்டில் வந்து சொல்கிறான், "அண்ணே, தங்கச்சிக்கு மறுபடியும் ரத்தம் ஏத்திருக்காக, தெரியும்ல?" என்று. அக்டோபரில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, இப்போது மூன்றாவது. கூடப் பிறந்தவன் நான். இதை வண்டிக்காரன் வாயால் கேட்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், நீயே நியாயம் சொல். உனக்கு மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்துவிட்டது என்றதும் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் தின்றாய். வயிறு கட்டி, கறுப்பாகப் போனதுதான் மிச்சம். இன்னொரு டாக்டர் இது இரும்பு இல்லை, பி பன்னிரண்டு குறைச்சல் என்று சிவப்பாக ஒரு ஊசி போட்டார். அதற்கும் ஏறவில்லை. கடைசியில் திண்டுக்கல்லில் பெரிய டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனது யார்? நான். கிட்னி சுருங்கிப்போச்சு, ரத்தம் ஊறு என்று எலும்புக்குச் சொல்லி அனுப்புவதே கிட்னிதான், அது சொல்வதை நிறுத்திவிட்டது, அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு மருந்து இருக்கிறது, வாரம் ஒரு ஊசி போட்டால் ரத்தம் ஏறிவிடும் என்றார். ரத்தசோகையில் இத்தனை தினுசு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அதனால் நானே வாங்கி என் கடையிலேயே வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் கருப்பணன் வண்டியில் திரும்பி வருகிற பூப்பெட்டிக்குள் ஒரு குப்பி அனுப்பினேன். செப்டம்பரிலிருந்து பதினாறு குப்பி. ஒரு நாள்கூடக் கூலிங் விட்டதில்லை. பூவுக்கு வைக்கிற ஐஸ் பாட்டில்களைப் போட்டு வைத்திருக்கிற என் கடைப் பெட்டியில், பாட்டிலுக்கு அடியில், என் கையால் வைத்தேன். ஐஸ் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக மல்லிகையைச் சென்னைக்கும் கொச்சிக்கும் வாடாமல் அனுப்புகிறவன் நான்.

மருந்து சரி, டாக்டர் சரி. ஆனால் ஏழு இருந்த ரத்த அளவு ஆறுக்கு இறங்குகிறது. அப்படியென்றால் அந்த மருந்து உன் உடம்புக்குள் போகவில்லை. ஊசி போடுவது யார்? பிராங்க்ளின். போனில் சொன்னதையே எழுதுகிறேன். குப்பியை வெளியே விற்றுவிட்டு உனக்குத் தண்ணீரைப் போடுகிறான். குடியை விட்டு நாலு வருஷம் ஆச்சு என்று நீ சொல்கிறாய். விட்டவன் மறுபடி தொடாமலா இருப்பான்?

எனக்கு நீ வேண்டும் புள்ள. அதனால்தான் கத்துகிறேன்.

சூசைராஜ்


சேவுகம்பட்டி,
16 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தவர், நீ திருடன் என்று எழுதியிருக்கிறாயே, அவர்தான். உன் கையெழுத்தைப் பார்த்தார். பிரிக்கவில்லை. "உங்கண்ணன் எழுதிருக்காக" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் படித்துவிட்டு மடித்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். கீர்த்தனா எடுத்துவிட்டாள். பொங்கலன்று, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது, "மாமா சொல்றது நெசமாம்மா?" என்று கேட்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளை, பெற்ற அப்பனைப் பற்றிக் கேட்கிறது. இப்போது உனக்கு நிம்மதிதானே?

அவர் ஊசி போடுவதை நீ ஒரு நாளாவது வந்து பார்த்திருக்கிறாயா? நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். குத்தும்போது எனக்கு வலித்ததோ இல்லையோ, அவர் முகம் சுருங்கும். தண்ணீரைப் போடுகிறவன் எதற்கு அம்புட்டுப் பாடுபட வேண்டும்?

என் காதில் சொன்னதோடு நீ நிறுத்தியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். மார்க்கெட்டிலும் வாயை விட்டிருக்கிறாய். பத்து நாளாக அவர் பூ மூட்டையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பூக்காரனாகிய உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நம்பின ஆளின் மூட்டையை அப்படியே தராசில் வைப்பார்கள். மேலே மொட்டு, அடியில் விரிந்த பூ என்று வைத்து ஏமாற்றுகிறவன் மூட்டையைத்தான் தரையில் கொட்டிக் கிளறுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவர் மூட்டையை ஒரு நாளும் கொட்டினதில்லை. இப்போது தினமும் கொட்டுகிறார்கள். அவர் குனிந்து ஒவ்வொரு மொட்டாக மறுபடி அள்ளிக் கட்டுகிறாராம். கருப்பணன் எனக்கும் சொல்கிறான், உனக்கு மட்டும் இல்லை.

இன்னொன்று. உன் நம்பரைத் தடுத்தது அவர் இல்லை. நான்.

அடுத்த வாரம் டயாலிசிஸ் தொடங்கப்போகிறார்கள். இனி உன் குப்பி தேவைப்படாது, மெஷினில் படுக்கும்போது அங்கேயே போட்டுவிடுவார்களாம்.

அன்புக்கரசி


திண்டுக்கல்,
3 பிப்ரவரி 2024

அன்பு,

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. பிராங்க்ளின் உன் கால் பக்கம் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வரலாம் என்று செருப்பைக் கழற்றினேன். மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். என் கிட்னியில் ஒன்றை நீ வாங்கிக்கொள். உனக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடிகூடக் கிடையாது. டாக்டரைக் கேட்டேன், கூடப் பிறந்தவன் கொடுத்தால் நல்லாப் பொருந்தும் என்கிறார்.

உன் மதினி இரண்டு நாள் உலை வைக்கவில்லை. "எம்புள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போயி அறுத்துக்கங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போங்க, குடுத்துட்டு வாங்க. அவளுந்தான் என்ன செய்வா" என்றாள். அவளும் நல்லவள்தான், நீ நினைக்கிற மாதிரி இல்லை.

அம்மா சாகும்போது உன் கையைப் பிடித்து என் கையில்தான் வைத்தது. அப்போது உனக்கு ஒன்பது வயது. நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்கவில்லை.

மற்ற பேச்சு இப்போது வேண்டாம்.

சூசை


சேவுகம்பட்டி,
14 பிப்ரவரி 2024, திருநீற்றுப் புதன்

அண்ணே,

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என்னத்தை எழுத? உடம்பை அறுத்து ஒரு துண்டு தருகிறேன் என்கிறாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீர்த்தனாவுக்கு ஒரு கல்யாணம் பார்க்கிற வரைக்குமாவது இருக்கணும் என்று ஆசையாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொடு.

கதவுக்கு வெளியே நின்றதும் தெரியும். அவர் உன்னைப் பார்த்துவிட்டார். "உங்கண்ணன் வந்தாக, உள்ள வராமப் போயிட்டாக" என்றார். கூப்பிட்டிருக்கலாமே என்றேன். மறுபடி என் காலைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. கிட்னியைக் கொடுக்கிற நீ ஒரு மன்னிப்பையும் சேர்த்துக் கொடு. எனக்கு இல்லை, அவருக்கு. உன் கிட்னியை வயிற்றில் வைத்துக்கொண்டு, நீ திருடன் என்று சொன்ன மனுஷனோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன்?

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. ரத்தம் ஏறுகிறது. ஆறில் இருந்தது ஏழரை ஆகியிருக்கிறது. நீ அனுப்பின அதே மருந்துதான், அதே பேர். மெஷினில் படுத்திருக்கும்போது நர்ஸ் போட்டுவிடுகிறாள். நேற்று மாடிப் படி ஏறி இறங்கினேன், மூச்சு வாங்கவில்லை.

அன்பு


திண்டுக்கல்,
25 பிப்ரவரி 2024

அன்பு,

ஏழரை ஆகிவிட்டதா! கோயிலில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆனால் நீயே எழுதியிருக்கிறாய் பார். அதே மருந்து, அதே பேர். நர்ஸ் போட்டால் ஏறுகிறது. வீட்டில் போட்டால் ஏறவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் என் பாட்டுக்குக் கத்தவில்லை, கணக்குத் தெரிந்துதான் சொன்னேன். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? உன் காலைத் தேய்த்துவிட்டால் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, விடு. நீ பிழைத்து எழுந்து உட்கார், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். மார்ச் மாதம் மதுரையில் எனக்குப் பரிசோதனை தொடங்குகிறது. ஏப்ரலில் இரண்டு பேர் ரத்தத்தையும் ஒன்றாகக் கலந்து கடைசியாக ஒரு தடவை பார்ப்பார்களாம். அது முடிந்தால் ஆபரேஷன் தேதிதான். அவனையும் கூட்டிக்கொண்டு வா, தடுக்கவில்லை.

சூசை


சேவுகம்பட்டி,
22 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

பத்து நாள் பார்த்தேன். போன் வரும் என்று உன் நம்பரைக்கூடத் திறந்துவிட்டேன். வரவில்லை. அதனால் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரையில் என்ன நடந்தது? காலையில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாய். "எங்கிட்னி ஒனக்குள்ள போனப்பெறகு நீயும் என்னைய மாதிரிக் கத்தத் தொடங்கிருவ, பாரு" என்று சிரித்தாய். அவர்கூடச் சிரித்துவிட்டார். எத்தனை மாதம் கழித்து ஒரே பெஞ்சில் மூன்று பேரும்! அப்புறம் அந்த அம்மா, தானம் கொடுக்கிறவர்களிடம் பேசுகிறவர், உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒத்து வரலையாம்" என்றாய். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று படி இறங்கினவன் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டாய். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நாங்கள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் பண்ணிக்கொள்கிற சிவனம்மாளிடம் சொல்லி அழுதேன். அவுக சொன்னாக, "கொடுக்கிறவுகளுக்குக் கடைசியில பயம் வந்துட்டா, டாக்டரே 'சேரலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருவாகம்மா. சொந்தத்துக்குள்ள மானம் போகக் கூடாதுல்ல?" என்று.

அப்படித்தானா அண்ணே? பயந்துவிட்டாய் என்றால் பயந்தேன் என்று சொல். மதினி அழுதாள் என்றால் அழுதாள் என்று சொல். ஒன்றும் நினைக்க மாட்டேன். வயிற்றைக் கிழிக்க யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனால் ஒத்து வரவில்லை என்று பொய் சொல்லி, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஓடுவதா?

அன்பு


சேவுகம்பட்டி,
20 மே 2024

பதில் போடவில்லை. சரி, புரிந்துகொண்டேன். நீ ஒரு கோழை. என் புருஷனைத் திருடன் என்று சொல்ல மட்டும் உனக்குத் தைரியம் இருந்தது.


திண்டுக்கல்,
2 ஜூன் 2024

அன்பு,

நான் பயப்படவில்லை. பயந்துவிட்டேன் என்றே நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒன்றரை மாதம் சும்மா இருந்தேன். கோழை என்று நீ எழுதினது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. நடந்ததைவிட அது சின்னக் குற்றம். ஆனால் இனியும் ஒளிக்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார், "ஒங்க தங்கச்சிக்கு எத்தன தடவ ரத்தம் ஏத்துனாங்க?"

"மூணு தடவம்மா."

"ஏன் அத்தன? ஊசி போடலையா?"

"போட்டாகம்மா. பதினாறு குப்பி. நாந்தான் வாங்கி வச்சிருந்து அனுப்புனேன்."

"எங்க வச்சிருந்தீங்க?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "பூவுக்கு ஐஸ் போடுற பெட்டியிலம்மா. கல்லு மாதிரிக் கெடக்கும். ஒரு நாளு கூலிங் விட்டதில்ல."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் சொன்னார், "உறைஞ்சா அந்த மருந்து செத்துப்போயிரும்ங்க. அப்புறம் அது வெறும் தண்ணிதான். பிரிட்ஜுக்குள்ள கீழ்த்தட்டுல வைக்கணும், உறையவே கூடாது. அட்டையில எழுதியிருக்குமே, நீங்க பாக்கலையா?"

அட்டையில் எழுதியிருந்தது புள்ள. ஐஸ் பாட்டில் வேர்த்தால் அட்டை நனையும் என்று நான்தான் பிய்த்து எறிந்துவிட்டுக் குப்பியை மட்டும் பாட்டிலுக்கு அடியில் செருகினேன். மருந்துக் கடைக்காரர் சூடு படக் கூடாது என்றார். எம்புட்டுக்கு எம்புட்டுக் குளிரோ அம்புட்டுக்கு நல்லது என்று எடுத்துக்கொண்டேன். பூவுக்கு அப்படித்தானே பண்ணுகிறோம், அதுவும் ஐஸ் பாட்டில் மேலே படாமல் பேப்பர் சுற்றி வைக்கிறோம். பூவுக்குச் சுற்றின பேப்பரை உன் மருந்துக்குச் சுற்றவில்லை.

மருந்து செத்ததால் உனக்கு ரத்தம் ஏறவில்லை. ஏறாததால் அடுத்தவர் ரத்தம் மூன்று தடவை ஏற்றினார்கள். அப்படி ஏற்றும்போது நம் உடம்பு அந்நிய ரத்தத்தோடு சண்டை போடப் பழகிவிடுமாம். உன் உடம்பு பழகிவிட்டது. இப்போது என் கிட்னியை வைத்தால் ஒரு நாள்கூட விட்டுவைக்காதாம். அதைக் குறைக்க மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் உங்கள் தங்கைக்கு இருக்கிற அளவுக்கு அது எடுபடாது என்றார். "பிள்ளப்பேறாலயும் கொஞ்சம் இப்படி வரும், ரத்தம் ஏத்துனதாலதான்னு நூத்துக்கு நூறு நான் சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னார். நல்ல மனுஷி. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பாதி வழி, வாடிப்பட்டி வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

நேராகக் கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அனுப்பாமல் மிஞ்சின இரண்டு குப்பி பாட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் குலுக்கினேன். உள்ளே அசையவில்லை.

தண்ணீரைப் போடுகிறான் என்று சொன்னேன். தண்ணீர்தான் போட்டிருக்கிறான். நான் அனுப்பின தண்ணீர்.

இனி நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

சூசைராஜ்


சேவுகம்பட்டி,
10 ஜூன் 2024

கடிதம் கிடைத்தது. அவரைத் திருடன் என்று எங்கே நின்று சொன்னாயோ அங்கே போய் நின்று, இல்லை என்று சொல். சொல்லிவிட்டு எழுது. அதுவரைக்கும் என்னால் ஒன்றும் எழுத முடியாது.


திண்டுக்கல்,
23 ஜூன் 2024

அன்பு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில், ஏலம் தொடங்குகிறதற்கு முன்னால். முகூர்த்த நாள் என்பதால் மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. சாக்கு மேல் ஏறி நின்றேன். நான் ஏதோ விலை சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் திரும்பினார்கள். "சேவுகம்பட்டி பிராங்க்ளின் எந்தங்கச்சி மருந்தத் திருடி வித்தான்னு ஒங்ககிட்ட நாந்தான் சொன்னேன். அது பொய்யி. மருந்தக் கெடுத்தது நான். இந்தா, இந்தப் பெட்டியில வச்சுக் கெடுத்தேன். அந்த மனுசன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். சொல்லிவிட்டுச் சாக்கிலிருந்து இறங்கினேன்.

ஒருவர் தோளைத் தட்டினார். அதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எதிர்க்கடை சாகுல் ஹமீது பாய் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சூசை, நீ சொன்ன. நாங்க நம்புனோம், அவன் மூட்டையக் கொட்டுனோம். நீ இன்னைக்கு எந்திரிச்சு சொல்லிட்ட. நாங்க யார்கிட்டப் போயிச் சொல்ல?" என்றார்.

எட்டு மணிக்குக் கருப்பணன் மூட்டைகளை இறக்கினான். பிராங்க்ளின் பேர் எழுதின மூட்டையை யாரும் கொட்டவில்லை. அப்படியே தராசில் வைத்தார்கள். நான் தொடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் முகத்துக்கு நேராக இன்னும் சொல்லவில்லை. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

சூசை


சேவுகம்பட்டி,
7 ஜூலை 2024

அண்ணே,

உன் இரண்டு கடிதத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐஸ் பெட்டி என்று வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியமே இல்லை அந்த முகத்தில். "எனக்குத் தெரியும்" என்றார்.

பிப்ரவரியிலேயே தெரியுமாம். டயாலிசிஸ் வார்டில் புதிதாக வந்த பெண் மருந்துப் பெட்டியைத் தூக்கி ஐஸ் அறையில் வைத்துவிட்டாள் என்று நர்ஸ் அவளைத் திட்டியிருக்கிறாள், உறைந்தால் எல்லாம் பாழாகிவிடும் என்று. இவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டதாம். அதற்குப் பிறகுதான் நீ, "நர்ஸ் போட்டால் ஏறுகிறது" என்று எழுதினாய். அதையும் நான் இவருக்கு வாசித்துக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை இந்த மனுஷன்.

ஏன் சொல்லவில்லை என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "கிட்னி குடுக்க வர்ற மனுசன்கிட்டப் போயி, ஒங்களாலதான் இப்பிடி ஆச்சுன்னு எப்பிடிச் சொல்ல? மனசு உடைஞ்சு வராம இருந்துட்டாகன்னா? என்னைய நாலு பேரு திருடன்னா சொல்லிட்டுப் போறாக. நீ பொழைச்சாப் போதும்னு நெனச்சேன். ஒத்து வரலைன்னு ஆனப்பெறகு சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நாலு மாதம் தினமும் பூவை அள்ளிக் கட்டிக்கொண்டு, இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். நான் அழுத அழுகைக்கு அடுத்த வீட்டு ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். உன்னை மட்டும் குற்றவாளி ஆக்கினால் ஆண்டவர் பொறுக்க மாட்டார். மூன்று தடவை குப்பி வரும்போது உள்ளே கட்டியாக இருந்தது. முதல் தடவையே அவர், "மச்சானக் கேட்டுட்டுப் போடுவமா?" என்றார். நான்தான், "பூக்காரனுக்கு ஐஸ் வைக்கத் தெரியாதாக்கும், எங்கண்ணன் எல்லாம் சரியாத்தான் செய்வான்" என்று சொல்லி, உள்ளங்கையில் வைத்து இளக்கி அவர் கையில் கொடுத்தேன். ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உன்னைப் பற்றி எனக்கு அம்புட்டுப் பெருமை.

இப்போது ரத்தம் ஒன்பதரை. மருந்து வேலை செய்கிறது. இறந்துபோகிறவர்கள் கொடுக்கிற கிட்னிக்கு அரசாங்கத்தில் என் பேரை எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் என் உடம்பு இப்போது இருக்கிற நிலையில் நூறு கிட்னி வந்தால் ஐந்தோ ஆறோதான் எனக்கு ஆகுமாம். அந்த ஐந்துக்கு முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களோ. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கீர்த்தனாவுக்கு இன்னும் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரவா என்று கேட்டாய். அவர் வரச் சொல்கிறார். "வரட்டும், கறி எடுத்துட்டு வாரேன்" என்கிறார். எனக்குத்தான் முடியவில்லை. நீ வேண்டுமென்றே செய்யவில்லை என்று தெரியும். பாசத்தில்தான் செய்தாய் என்று தெரியும். தெரிந்தும் கோபம் இருக்கிறது அண்ணே. மெஷினில் படுத்திருக்கிற நாலு மணி நேரமும் இருக்கிறது. பங்குச் சாமியார் ஜெபம் பண்ணச் சொன்னார். பண்ணினேன், போகவில்லை. இல்லை என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அதனால் இந்த மாதம் வராதே. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அந்தக் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் கோபத்தைச் சீக்கிரம் முடித்துவிடத்தான் பார்க்கிறேன்.

உன் தங்கை,
அன்பு